மீத்திறன் மாணவர்களும் அந்த முப்பது மதிப்பெண்ணும்: விவாத இழை

ஈரிலை | ஜூன் 21, இரவு 9.12

பையனுக்கு 16 வயது. பத்து வயதிலேயே சோதித்து மீத்திறன் மாணவன் என்று எழுதிக் கொடுத்தார்கள், நுண்ணறிவு எண் 138. எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு; மொழி, கணிதம் என்று இரண்டு பிரிவு, பிரிவுக்கு 800) மூன்று தடவை எழுதியாகிவிட்டது: 1490, 1530, 1500. மூன்றாவது தடவைக்கு எட்டு வாரம் கூடுதலாக உட்கார்ந்தான். உழைப்பு ஏறி மதிப்பெண் இறங்கினால் இரண்டில் ஒன்றுதான் காரணம் என்பது என் கட்சி. ஒன்று, மனம் ஒட்டாமல் படித்திருக்கிறான். அல்லது, பத்து வயதில் கொடுத்த சான்று பொய். எது?

கணக்குப்பிள்ளை | ஜூன் 21, இரவு 9.50

இரண்டும் இல்லை. இறங்கவே இல்லை என்பதுதான் பதில்.

எஸ்ஏடியில் ஒரு பிரிவுக்கு அளவீட்டின் திட்டப்பிழை, அதாவது திறமை மாறாமலேயே மதிப்பெண் வழக்கமாக ஆடும் அளவு, ஏறத்தாழ 30. இரண்டு பிரிவையும் கூட்டினால் பிழை 60 ஆகாது, 30ஐ √2ஆல் பெருக்க வேண்டும், சுமார் 42. ஒரு நாள் மொத்தத்தை இன்னொரு நாள் மொத்தத்தோடு ஒப்பிட்டால் மறுபடி √2. ஆக, திறமை இம்மியும் மாறாத ஒருவர் இரண்டு முறை எழுதினால், மூன்றில் ஒரு தடவை வித்தியாசம் 60ஐயே தாண்டும். உங்கள் பையனுடையது 30. எடை பார்க்கும் முள் ஆடுவதைப் பார்த்து உடம்பு இளைத்துவிட்டது என்கிறீர்கள்.

மதிப்பெண் அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ஒரு வீச்சு அச்சாகி இருக்கும். பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை.

கணக்குப்பிள்ளை | ஜூன் 21, இரவு 10.05

விட்டுப்போனது. 1530ஐ “இவனுடைய உண்மையான நிலை” என்று பிடித்துக்கொண்டதுதான் சிக்கலின் வேர். மூன்றில் உச்சமானதை அடிப்படையாக வைத்தால் மற்ற எல்லா நாளும் சறுக்கலாகத்தான் தெரியும். மூன்றின் சராசரி 1507. அதைச் சுற்றிப் பார்த்தால் மேலே 23, கீழே 17. அவ்வளவுதான் கதை.

குறுக்குக்கோடு | ஜூன் 22, காலை 6.31

சின்ன ஆட்சேபம். 30 என்பது சராசரிப் பிழை. எல்லா மட்டத்திலும் ஒரே அளவில் இருக்காது. அதைவிட முக்கியம், 800க்கு மேலே இடமே கிடையாது. 780 எடுக்கிற பையனுக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தால் 20 ஏறும், காலை வாரினால் 50 இறங்கும். ஆட்டம் இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 22, காலை 7.15

சரி, ஒத்துக்கொள்கிறேன். அது என் வாதத்துக்கு வலுவும் சேர்க்கிறது. உச்சிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நடப்பதைக் கணக்காகவே போடலாம்.

தேர்வில் 98 கேள்வி. ஒவ்வொன்றையும் 98 சதவீத நிச்சயத்தோடு சரியாகச் செய்யும் மாணவி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுகூடத் தவறாமல் முடிக்க அவளுக்கு உள்ள வாய்ப்பு, 0.98ஐ 98 தடவை பெருக்கினால், 14 சதவீதம். அவள் திறமை மாறாமலேயே தவறுகளின் எண்ணிக்கை பூஜ்யம் முதல் நாலு வரை போகும், 20 தடவைக்கு 19 தடவை. நிச்சயத்தை 99 சதவீதமாக உயர்த்தினால் முழுச்சரி வாய்ப்பு 37. 95 ஆனால் ஒரு சதவீதம்கூட இல்லை.

முழு மதிப்பெண்ணுக்கும் இரண்டு தவறுக்கும் நடுவில் வீட்டில் நடக்கும் அழுகையும் சண்டையும் இந்த 14 சதவீதத்தைப் பற்றியதுதான். எந்த இடத்தில் அளவுகோல் சுத்தமாக அளக்க முடியாமல் திணறுகிறதோ, சரியாக அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். 1100ஐ 1200 ஆக்கும் மாணவருக்கு உழைப்புக்கும் எண்ணுக்கும் தொடர்பு கண்ணுக்குத் தெரியும். 1520ஐ 1560 ஆக்க நினைப்பவர் பெரும்பாலும் பகடை உருட்டுகிறார்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 22, காலை 11.20

திருத்தம், என்னுடையதற்கே. 98 கேள்வியும் மதிப்பெண்ணில் சேராது. பிரிவுக்கு இரண்டாக நாலு தொகுதி, தொகுதிக்கு இரண்டு கேள்வி பரீட்சார்த்தமாக வைப்பது, மொத்தம் எட்டு. எண்ணப்படுவது 90. அப்படியானால் 14 என்பது 16 சதவீதம் ஆகும். வாதம் மாறவில்லை. ஆனால் இதில் ஒரு நடைமுறை விஷயம் உண்டு: எங்கேயாவது ஒரு கேள்வி விசித்திரமாகத் தெரிந்தால் அது எண்ணப்படாததாகவும் இருக்கலாம். அதில் நாலு நிமிடம் மல்லுக்கட்டுவது தண்டம்.

ஈரிலை | ஜூன் 22, இரவு 8.40

கணக்கு புரிகிறது. “எல்லாம் அதிர்ஷ்டம், படிக்காதே” என்று அவனிடம் சொல்லிவிடலாமா?

கணக்குப்பிள்ளை | ஜூன் 22, இரவு 9.02

அப்படிச் சொன்னேனா? உச்சியில் மிச்சம் இருக்கும் தவறுகளில் எது அதிர்ஷ்டம், எது பழக்கம் என்று பிரிக்க முடியும். பழக்கத்தைத் திருத்தலாம். பிரிவுவாரி மதிப்பெண்ணைப் போடுங்கள் முதலில்.

ஈரிலை | ஜூன் 22, இரவு 9.10

மொழி/கணிதம் வரிசையில்: 720/770, 740/790, 750/750.

கணக்குப்பிள்ளை | ஜூன் 22, இரவு 9.14

நல்லா இருக்கு உங்கள் நியாயம்! மூன்றாவதில் மொழி 750, மூன்றிலும் அதுதான் உச்சம். ஒவ்வொரு பிரிவிலும் சிறந்ததைச் சேர்த்துப் பார்த்தால், அதாவது சூப்பர்ஸ்கோர், இரண்டாவது தேர்வு முடிந்தபோது 740ம் 790ம், 1530. மூன்றாவதுக்குப் பிறகு 750ம் 790ம், 1540. “இறங்கிவிட்டான்” என்று நீங்கள் திட்டிய தேர்வுதான் பத்து ஏற்றியிருக்கிறது.

குறுக்குக்கோடு | ஜூன் 22, இரவு 9.31

சூப்பர்ஸ்கோர் என்பதே புள்ளியியல்படி ஒரு கண்கட்டு வித்தை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 22, இரவு 10.20

சொல்கிறேன். திறமை மாறாமல் ஒரே பிரிவை மூன்று தடவை எழுதினால், மூன்றில் பெரியது சராசரியைவிட 0.85 திட்டப்பிழை மேலே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 30க்கு அது 25. இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 50. எதுவுமே கற்காமல், மூன்று தடவை போய் உட்கார்ந்ததற்கே 50! (உச்சவரம்பு பக்கத்தில் இருப்பவருக்கு இது குறையும், குறுக்குக்கோடு காலையில் சொன்ன அதே காரணம்.)

நாலாவது, ஐந்தாவது தடவையில் இந்தக் கூலி தேய்ந்துகொண்டே போகும். இரண்டு தடவைக்கு 0.56, மூன்றுக்கு 0.85, நாலுக்கு 1.03, ஐந்துக்கு 1.16. நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போனால் பிரிவுக்கு நாலு மதிப்பெண். ஒரு சனிக்கிழமையும் ஒரு மாதத் தூக்கமும் கொடுத்து நாலு மதிப்பெண் வாங்குவது மோசமான வியாபாரம்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 23, மாலை 5.45

தவறுகளைப் பிரிக்கும் முறை. நேற்றே எழுதியிருக்க வேண்டும். மின்வடிவத் தேர்வில் எழுதிய கேள்விகள் நமக்குத் திரும்பக் கிடைக்காது. அதனால் புளூபுக் செயலியில் (எஸ்ஏடியையே இதில்தான் எழுதுவது) உள்ள முழுநீள மாதிரித் தேர்வுகள்தான் கச்சாப்பொருள். அவை எண்ணிக்கையில் குறைவு, எடுத்தவுடன் எரித்துவிடாதீர்கள். ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு வாரம்.

முதலில் கடிகாரத்தோடு முழுத்தேர்வு, 2 மணி 14 நிமிடம், நடுவில் பத்து நிமிட இடைவேளை. எழுதும்போதே ஐயமுள்ள கேள்விகளைச் செயலியில் குறியிட வேண்டும். முடிந்ததும் விடையைப் பார்க்கக் கூடாது, இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுவது. மறுநாள், விடை தெரியாத நிலையிலேயே, குறியிட்ட கேள்விகளையும் இடையிடையே குறியிடாத ஒரு பத்துக் கேள்வியையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போட வேண்டும். அதற்குப் பிறகுதான் விடைத்தாள்.

இப்போது ஒவ்வொரு தவறுக்கும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டாம் தடவையும் தவறு என்றால் பாடம் தெரியவில்லை, போய்ப் படிக்க வேண்டியதுதான். இரண்டாம் தடவை சரி என்றால் நேரமோ பதற்றமோ. ஐயமே இல்லாமல் குறியிடாமல் விட்டு, அது தவறாகப் போயிருந்தால் அதுதான் தங்கம். அங்கேதான் மீத்திறன் பிள்ளைகளின் பழக்கக் கோளாறு ஒளிந்திருக்கும்.

“சில்லி மிஸ்டேக்” என்று மட்டும் எழுத அனுமதிக்காதீர்கள். என்ன சில்லி? அதையே வார்த்தையாக எழுத வேண்டும். x கண்டுபிடித்தேன், கேட்டது 2x+1. அடைப்புக்குறியை மனதிலேயே விரித்தேன், குறி மாறியது. “தவிர” என்ற சொல்லைத் தாண்டிப் படித்தேன்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 23, மாலை 6.30

இந்தப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள், நினைவுக்கு வந்த வரிசையில்.

மனக்கணக்குப் பெருமை. சிறு வயதிலிருந்தே “எப்படிடா மனசிலேயே போட்ட?” என்று கேட்டு வளர்த்தவர்கள் நாம்தான். தேர்வில் படி எழுதுவதை அவமானமாக நினைப்பார்கள். செயலிக்குள்ளேயே டெஸ்மாஸ் வரைபடக் கணிப்பான் இருக்கிறது, கணிதப் பிரிவு முழுக்க அனுமதி. இரண்டு சமன்பாட்டையும் தட்டினால் வெட்டுப்புள்ளி தானாக நிற்கும். அதைத் தொடமாட்டேன் என்பது வீம்பு. அதுவும், கணிதத்தில் சுமார் கால்வாசிக் கேள்விக்குத் தெரிவுகளே கிடையாது, விடையை நாமே தட்ட வேண்டும். அங்கே குறி மாறினால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை.

அதீத வாசிப்பு. மொழிப் பிரிவில் நாலு தெரிவில் மூன்றுக்குத் தங்களுடைய சாமர்த்தியத்தால் நியாயம் கற்பித்துவிடுவார்கள். மருந்து எளிது: பத்தியில் எந்தச் சொல் இதைத் தாங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டு. காட்ட முடியாவிட்டால் அது விடையல்ல.

ஒரே கேள்வியில் சிக்குதல். மொழியில் 54 கேள்விக்கு 64 நிமிடம், கேள்விக்கு 71 விநாடி. கணிதத்தில் 44க்கு 70 நிமிடம், 95 விநாடி. இரண்டு மடங்கு நேரம் தாண்டினால் ஏதாவது ஒரு விடையைத் தட்டி, குறியிட்டு, நகர வேண்டும். 2016 முதல் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை. வெற்றாக விடுவது பாவம். “விடை தெரியாமல் நகர்வது” என்ற அனுபவமே பள்ளியில் இவர்களுக்கு வந்ததில்லை. அதனால் அதையும் பயிற்சியாகச் செய்ய வேண்டும்: ஒரு மாதிரித் தொகுதியில் வேண்டுமென்றே மூன்று கேள்வியைத் தாண்டிப் போ என்று சொல்லுங்கள்.

இரண்டாம் தொகுதி அதிர்ச்சி. இது தகவமைத் தேர்வு. முதல் தொகுதி நன்றாகப் போனால் இரண்டாவது கடினமாக வரும். கடினத்தைக் கண்டதும் “போச்சு” என்று கை நடுங்கும் பிள்ளைகள் உண்டு. கடினமாக வந்தால் நல்ல செய்தி என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதே சமயம் தொகுதியின் கடினத்தை நடுவில் எடைபோட முயல்வதும் நேர விரயம், ஊகம் தப்பும்.

குறுக்குக்கோடு | ஜூன் 23, இரவு 8.05

“முதலில் தோன்றியதை மாற்றாதே” என்பதைச் சேர்க்கவில்லையே?

கணக்குப்பிள்ளை | ஜூன் 23, இரவு 8.22

வேண்டுமென்றேதான். அது தவறான அறிவுரை. 2005இல் உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், அடித்துத் திருத்திய விடைகளில் தவறிலிருந்து சரிக்குப் போனவையே அதிகம். சரியை அழித்துத் தவறாக்கியது மட்டும் நெஞ்சில் முள்ளாய் நிற்கும், மற்றது மறந்துவிடும். காரணம் தெரிந்து மாற்றலாம். காரணமில்லாத படபடப்பில் மாற்றக் கூடாது.

ஈரிலை | ஜூன் 24, காலை 7.00

பத்து வயதுச் சான்று விஷயத்தை யாரும் தொடவில்லை.

கணக்குப்பிள்ளை | ஜூன் 24, மதியம் 1.10

தொடுகிறேன். நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து ஆட்கள் வழக்கமாக விலகும் அளவு) 15. நம்பகத்தன்மை (மறுபடி சோதித்தால் எவ்வளவு ஒத்துவரும் என்பது, முழுமைக்கு 1) 0.95 என்று வைத்தால் திட்டப்பிழை 15 × √0.05, அதாவது 3.35. எனவே 138 என்பது ஏறத்தாழ 131க்கும் 145க்கும் நடுவில் எங்கோ. 138 வந்த நூறு பிள்ளைகளை மறுபடி சோதித்தால் அவர்களுடைய சராசரி 136க்குப் பக்கம் வரும். யாருக்கும் மூளை மழுங்கவில்லை. முதல் தடவை உயரமாக வந்தவர்களைப் பொறுக்கியதால் அவர்களிடம் கொஞ்சம் நல்லதிர்ஷ்டமும் சேர்ந்து வந்துவிட்டது, இரண்டாவது தடவை அது உதிர்கிறது.

மீத்திறன் என்று ஏற்க வெட்டு எண் 130 என்று வைக்கும் இடங்களில் நிலைமை இன்னும் வேடிக்கை. உண்மையில் 130 இருக்கும் பிள்ளை ஏறத்தாழ பாதித் தடவை வெளியே நிற்கும். சான்று பொய் இல்லை, கோடு கற்பனை.

அப்புறம் ஒன்று. மொத்த எண்ணை மட்டும் வைத்திருக்கிறீர்களா, உட்பிரிவு எண்கள் இருக்கின்றனவா? சொல்லாற்றல் 145, செயல்வேகம் 98 என்று இருக்கும் பிள்ளைக்கு மொத்த எண் என்பது யாரையும் குறிக்காத ஒரு சராசரி. பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையின் ஐந்தாம் பதிப்பில் செயல்வேகத்தையும் செயல் நினைவையும் விலக்கிவிட்டுக் கணக்கிடும் பொதுத்திறன் குறியீடு தனியாக உண்டு. இப்படிப் பள்ளம் இருக்கும் பிள்ளை கடிகாரமில்லாமல் போட்டால் எல்லாம் சரி, கடிகாரம் வைத்தால் சரியும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடோ கவனக்குறைவுக் கோளாறோ பின்னால் இருக்கலாம். திறமை குறையை மூடும், குறை திறமையை மூடும், பார்ப்பவருக்கு “சோம்பேறி” என்று தெரியும். முறையான மதிப்பீடு இருந்தால் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதிக்கு ஏழு வாரம் வரை பிடிக்கும், கடைசி நேரத்தில் கேட்காதீர்கள்.

குறுக்குக்கோடு | ஜூன் 24, மதியம் 2.30

ஷாக்லி கதையை யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 24, மதியம் 2.41

அந்த வடையைச் சுடாமல் இந்த இழை முடியாதுதான். 1921இல் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் நுண்ணறிவுச் சோதனை வைத்து 1,500க்கு மேற்பட்ட மேதைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தபோது வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் வெட்டு எண்ணைத் தொடவில்லை. பின்னால் இருவருக்கும் இயற்பியல் நோபல், 1956லும் 1968லும். தேர்வானவர்களில் ஒருவருக்கும் இல்லை. “பார்த்தீர்களா, சோதனையே வீண்” என்று முடிப்பார்கள். முடியாது. நோபல் என்பது கோடியில் ஒருவருக்கு விழுவது. 1,500 பேரில் ஒன்றும் விழாதது எதையும் நிரூபிக்கவில்லை. சோதனையை நம்பாமல் இருக்க நல்ல காரணங்கள் உண்டு, இது அதில் சேராது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு. 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் எஸ்ஏடியையே கொடுத்தார். வயதுக்கேற்ற தேர்வில் எல்லோரும் கூரையில் தலை முட்டி நிற்பார்கள், யார் எவ்வளவு உயரம் என்று தெரியாது. மேல்மட்டத் தேர்வில் கூரை விலகுகிறது, பிள்ளைகள் பரவுகிறார்கள். அங்கே எண் பேசும். 13 வயதுக்கு முன் கணிதத்தில் 700 எடுப்பவர் பத்தாயிரத்தில் ஒருவர் என்று கணித்தார்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 24, மாலை 4.00

அந்த 700ஐ இன்றைய 700ஓடு ஒப்பிட வேண்டாம். 1995இல் அளவுகோலையே மறுமையப்படுத்தினார்கள், அதாவது சராசரி மறுபடி 500க்குப் பக்கம் வரும்படி நகர்த்தினார்கள், குறிப்பாக மொழிப் பிரிவில் பழைய எண்கள் நன்றாகவே ஏறின. அப்பாவின் மதிப்பெண்ணும் பிள்ளையின் மதிப்பெண்ணும் ஒரே தராசில் நிற்காது. இதைச் சொல்லிக் குத்திக்காட்டும் அப்பாக்கள் கவனிக்க.

ஈரிலை | ஜூன் 26, இரவு 10.15

நீங்கள் சொன்னபடி ஒரு மாதிரித் தேர்வை மறுநாள் கடிகாரமில்லாமல் போடவைத்தேன். கணிதத்தில் மொத்தம் ஐந்து தவறு. பாடம் தெரியாதது ஒன்றுகூட இல்லை. மூன்று “கேட்டது வேறு, எழுதியது வேறு”. இரண்டு மனதில் விரித்த அடைப்புக்குறி. ஐந்தில் நான்கைக் குறியிடவே இல்லை.

கணக்குப்பிள்ளை | ஜூன் 26, இரவு 10.32

அதாவது எட்டு வாரக் கூடுதல் பயிற்சி முழுக்க அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்குப் போயிருக்கிறது. கணிதத்தில் இனி புதுக் கணக்கு வேண்டாம். இரண்டு பழக்கம் போதும். படிக்கும்போதே கேட்கப்படும் அளவைத் தாளில் முதலில் எழுதுவது, விடையைத் தட்டும் முன் அந்தத் தாளை ஒரு தடவை பார்ப்பது. கேள்விக்கு நாலு விநாடி, 22 கேள்விக்கு ஒன்றரை நிமிடம். நாளுக்கு 20 நிமிடம், மூன்று வாரம். அதற்குமேல் பயிற்சி கொடுத்தால் சலிப்பு வரும், சலிப்பில் அதே தவறு திரும்பும்.

நிறுத்துவது எப்போது என்பதை இப்போதே தாளில் எழுதுங்கள், தேதியோடு. அடுத்தடுத்த இரண்டு மாதிரித் தேர்வு இலக்குக்கு 30க்குள் வந்தால் நிறுத்தம். வராவிட்டாலும் இன்னும் ஒரே ஒரு தேர்வு, பிறகு நிறுத்தம். மதிப்பெண் வந்தபிறகு எல்லையைத் தீர்மானித்தால் எல்லை ஓடிக்கொண்டே இருக்கும்.

குறுக்குக்கோடு | ஜூன் 27, காலை 6.10

தேர்வு நாள் காலைக்கு ஒன்று. பதற்றக்காரப் பிள்ளைகளைத் தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தை அப்படியே எழுதவைத்தால் மதிப்பெண் தேறுகிறது என்று உளவியலாளர்கள் ரமிரெஸும் ஷான் பைலாக்கும் 2011இல் காட்டினார்கள். யாரும் படிக்கப்போவதில்லை, கிழித்துப் போட்டுவிடலாம். அதே பைலாக்தான் 2023 முதல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரித் தலைவர். 2024இல் அந்தக் கல்லூரி சேர்க்கைக்கு எஸ்ஏடி போன்ற தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்று மறுபடி அறிவித்தது. நோயும் அவரே, மருந்தும் அவரே!

கணக்குப்பிள்ளை | ஜூன் 27, காலை 6.55

சிரித்துவிட்டேன். ஆனால் பதற்றமே இல்லாத பிள்ளையிடம் அதைச் செய்யச் சொல்லி, இல்லாத பயத்தைத் தோண்டி எடுக்காதீர்கள்.

தூக்கம்: இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். முந்தின இரவு மட்டும் சீக்கிரம் படுக்கச் சொன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். பத்து நாள் முன்பிருந்தே எழும் நேரத்தை மாற்ற வேண்டும், படுக்கும் நேரம் பின்னாலேயே வரும்.

மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை மறைப்பது, தேர்வு நாள் காலைகளில் மட்டும் வயிற்றுவலி, பிடித்த விஷயத்தைத் தானாகவே விடுவது, இவை மூன்று வாரம் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மூன்று வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதெமிகள் 2019 அறிக்கையில் உயர்சாதனைப் பள்ளி மாணவர்களையும் ஆபத்துக் குழுவில் வைத்துப் பேசின. “நல்லா படிக்கிற பிள்ளை, அதுக்கென்ன குறை” என்பது பதில் ஆகாது.

ஈரிலை | ஜூன் 27, இரவு 9.30

ஆகஸ்டுக்குப் பதிவு செய்யலாமா என்று அவனிடமே கேட்டேன். “நீங்க முதல்ல ரிசல்ட்டைத் திறக்காம இருந்தா எழுதுறேன்” என்றான்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 27, இரவு 9.41

கடவுச்சொல்லை அவனையே மாற்றச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 29, காலை 10.05

1540 விஷயத்தில் ஒரு திருத்தம். எல்லா இடத்திலும் சூப்பர்ஸ்கோர் எடுப்பதில்லை. சிலர் ஒரே நாளின் மொத்தத்தைத்தான் பார்ப்பார்கள், அங்கே உங்கள் எண் 1530. சிலர் எழுதிய எல்லாத் தேர்வையும் அனுப்பச் சொல்வார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் சேர்க்கைக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆகஸ்டுக்குப் பணம் கட்டும் முன் விண்ணப்பிக்கும் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இந்த நாலில் எது என்று எழுதிவிடுங்கள். பட்டியலில் பாதி கடைசி வகையாக இருந்தால் நாலாவது தேர்வே தேவைப்படாது.

ஈரிலை | ஜூன் 29, மதியம் 12.20

எழுதிப் பார்த்தோம். ஒன்பதில் நாலு இடத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம். மிச்சம் ஐந்தில் நான்கு சூப்பர்ஸ்கோர். பையன் பட்டியலை எடுத்துக்கொண்டு போய்விட்டான், இன்னும் திருப்பித் தரவில்லை.